வீமனும் ஒரு விளையாட்டு நாயும்

2003இல் நாங்கள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தோம். போரில் மூடிக்கிடந்த, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சிங்கப்பூரில் இருந்த மாமா என் நண்பனுக்கு அனுப்பும் பொதிகளில் சட்டைத் துணியோடு பழைய வீடியோ கேம் சஞ்சிகைகளும் வரும். பள்ளி விடுதியில் விளக்கணைத்த பிறகு டோர்ச் வெளிச்சத்தில் புரட்டுவோம். அப்படித்தான் வீடியோ கேம் வடிவமைப்பாளர் பீட்டர் மொலினூவைத் தெரியவந்தது. அவர் செய்துகொண்டிருந்த ஃபேபிள் விளையாட்டில் ஓக் விதை ஒன்று விழுந்தால் அது முளைத்து, வருடங்கள் போகப் போக மரமாகுமாம்.

"மச்சான், நான் ஒரு தோப்பே வைப்பன்" என்றான் நண்பன். எங்களிடம் கேமும் இல்லை, அதை ஓட்டும் பெட்டியும் இல்லை. ஆனாலும் ஒரு கிழமை முழுக்க இடைவேளையில் அந்தத் தோப்புப் பேச்சுத்தான்.

2004 செப்டெம்பரில் ஃபேபிள் வந்தது, மரம் வரவில்லை. சொன்னதெல்லாம் சேரவில்லை என்று மொலினூவே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

2007இல் நாங்கள் இருவரும் வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து, லிட்டில் இந்தியாவில் தேக்காச் சந்தைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்தோம். அந்த வருடம் மொலினூ ஃபேபிள் 2 பற்றிப் பேசினார். இம்முறை ஒரு நாய். திரை மூலையில் சின்ன வரைபடம் இருக்காது, நாய்தான் வழிகாட்டும், அதன்மேல் உங்களுக்குப் பாசம் வந்துவிடும் என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. நண்பனுக்கு இருந்தது. "போன முறை முழு உலகத்தையும் தாறன் எண்டவர். இந்த முறை ஒரு நாய்தானேடா. தருவார்" என்றான். பிறகு எத்தனையோ தொடர்ச்சி விளையாட்டுகளைப் பார்த்துவிட்டேன். அவன் சொன்ன கணக்கு எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது.

2008 ஒக்டோபரில் ஃபேபிள் 2 வந்ததும், சிம் லிம் ஸ்குவேரில் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டி ஒன்று வாங்கினோம். வெள்ளி இரவு தொடங்கினான். நாய் முன்னால் ஓடும், புதையல் இருக்கும் இடத்தில் நின்று குரைக்கும். ஒரு சண்டையில் அதற்கு அடிபட்டு, காலை இழுத்து இழுத்துப் பின்னால் வந்தது. நண்பன் போன வழியை விட்டுவிட்டுத் திரும்பி ஓடினான். "வா வீமா, வா" என்றான்.

எங்களோடு படித்தவர்களுக்கு வீமனை நினைவிருக்கும். விடுதிக் குசினி வாசல் நாய், பின்னங்கால் நொண்டும், சோற்றுப் பானை இறக்கும் நேரம் மணிக்கு முன்பே அதற்குத் தெரியும். என் நண்பன் மைதானத்துக்குப் போனால் அதுவும் போகும்.

கதையின் கடைசியில் நாயகனுக்கு விழவேண்டிய சூட்டை நாய் வாங்கிக்கொள்கிறது. நண்பன் கொன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டான். வாங்கி வந்த இடியப்பம் பொதியிலேயே ஆறிப்போனது. அப்புறம் மூன்று தெரிவுகள் வந்தன: செத்துப்போன ஆயிரக்கணக்கானோரின் உயிர், தன் சொந்தங்களும் நாயும், அல்லது பெருஞ்செல்வம். அவன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. நாய் திரும்பி வந்தது.

மறுநாள் காலை விடுதிச் சமையல் ஐயாவின் மகனுக்குப் போன் எடுத்து, வீமன் இருக்கிறதா என்று கேட்டான்.

"இருக்குதண்ணை. கிழண்டு போச்சுது. குசினி வாசலை விட்டு அசையிறேல்லை."