ஆறுமணிக்குருவி வரும் காலம், சருகைக் கூட்டாதீர்கள்

புரட்டாசி முடிந்து ஐப்பசி மழை பிடிக்கும்போது, ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்கும் சேலத்து வீட்டுத் தோட்டங்களுக்கும் வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வந்து சேர்கின்றன. அவற்றில் பல பூச்சி தின்னிகள். அரிசியும் கம்பும் இறைத்தால் புறாவும் மைனாவும்தான் கூடும்.

பூச்சி தின்னிகளுக்கு வேண்டியது சருகு. அப்படி வலசை வரும் ஆறுமணிக்குருவி (Indian pitta) தரையில் தத்தி, அலகால் சருகைப் புரட்டிப் புழு பூச்சியைப் பொறுக்கும். தோட்டத்தைத் துடைத்து வைத்தாற்போல் கூட்டி, குப்பைக்குத் தீ வைத்தால் அதற்கு இரையே இல்லை. மா, பலா, சில்வர் ஓக் நிழலில் ஒரு மூலையையாவது நான்கு விரற்கடை உயரச் சருகோடு விட்டுவிடுங்கள். அங்கே பூச்சிமருந்து வேண்டாம். பூனை பதுங்க முடியாதபடி ஓரப் புதரை மட்டும் கழித்துவிடலாம்.

ஆறுமணிக்குருவிக்குப் பச்சை முதுகு, கண் வழியே ஓடும் கறுப்புப் பட்டை, வாலடியில் செஞ்சிவப்பு, குட்டை வால். இத்தனை நிறம் இருந்தும் நிழலில் கண்ணுக்குத் தட்டுப்படாது. விடியலிலும் அந்தியிலும் வரும் இரட்டைச் சீழ்க்கையை வைத்து இடத்தைக் குறித்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருப்பதே வழி.

வாலாட்டிகளில் குழப்பம் வரும். வாலை மேலும் கீழும் ஆட்டினால், வயிறு மஞ்சளாக இருந்தால், கருஞ்சாம்பல் வாலாட்டி. ஓடைக்கரையில் முதலில் வந்துவிடும். பக்கவாட்டில் அசைத்தால் கொடிக்கால் வாலாட்டி. காப்பிச் செடிகளின் நிழலில் தேடுங்கள். கதிர்க்குருவிகளை நிறத்தால் பிரிக்கப் பார்ப்பது வீண்வேலை. புதருக்குள்ளிருந்து ‘செக், செக்’ என்றால் பிளித் நாணல் கதிர்க்குருவி என்று தொடங்கலாம். மலையில் பனிமூட்டம் விலகி வெயில் இலைமேல் விழுந்த பிறகே பூச்சி அசையும். பூச்சி பிடிக்கும் குருவிகளுக்கு அதுதான் நேரம். எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முகப்பு வில்லை கொண்ட 8×42 பைனாகுலர் போதும்.

மண்தட்டில் ஓரம் ஒரு விரற்கடை, நடுவில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள். தினமும் தேய்த்துக் கழுவி மாற்றாவிட்டால் கொசுப்புழு சேரும்.

இரவில் பறந்து வரும் ஆறுமணிக்குருவி விளக்கொளியில் தடுமாறிக் கண்ணாடியில் மோதும். ஜன்னலின் வெளிப்பக்கம் இரண்டு அங்குல இடைவெளியில் புள்ளிகள் ஒட்டுங்கள். ஒரே ஒரு ஸ்டிக்கர் பயன்படாது. விழுந்து கிடந்தால், காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். பகல் வெளிச்சத்தில் மரநிழலில் பெட்டியைத் திறங்கள். அப்போதும் பறக்காவிட்டால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம்.