பஸ்ஸில் தொடங்கிய பாட்காஸ்ட், குரூப் 4 வரை

2019 செப்டம்பரில் நடந்த டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் எனக்கு அரசு வேலை கிடைக்கவில்லை. அப்போது அருப்புக்கோட்டையிலிருந்து தினமும் மதுரைக்குப் பஸ்ஸில் போய் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். போக வர இரண்டரை மணி நேரம். பாதி நாள் நின்றுகொண்டுதான் வருவேன். ஒரு கை கம்பியில், ஒரு கை பையில். புத்தகத்தை எங்கே விரிப்பது? சமச்சீர்ப் புத்தகங்களை நானே வாசித்து, போனில் பதிவு செய்து, காதில் மாட்டிக்கொண்டேன். கூட வேலை பார்த்த இரண்டு பேர் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாக அனுப்ப முடியாமல், அந்த நவம்பரில் ஆங்கர் என்ற செயலியில் பாட்காஸ்டாக, அதாவது யாரும் கேட்கக்கூடிய ஒலித்தொடராக, ஏற்றத் தொடங்கினேன். அது ஆறு வருடம் ஓடியது. 2022 தேர்வில் தரவரிசைக்குள் வந்து, இப்போது இளநிலை உதவியாளராக இருக்கிறேன். குரலைப் பதிவு செய்து படிக்கலாமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் முப்பது எபிசோடுகளில் நான் செய்தது வெறும் வாசிப்பு. பக்கத்தை அப்படியே படித்தேன், பஸ்ஸில் கேட்டேன். இனிமையாக இருந்தது, மனதில் நிற்கவில்லை. ஒரு நாள் புத்தகத்தைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு எபிசோடு போட்டாக வேண்டும் என்பதால், ஐந்திணைப் பாடத்தை நினைவிலிருந்தே சொன்னேன். நெய்தலுக்கும் பாலைக்கும் சிறுபொழுது சொல்லும் இடத்தில் திக்கிப் போய், நெடுநேரம் யோசித்தேன். நெய்தலுக்கு எற்பாடு, பாலைக்கு நண்பகல். அந்தப் பாடம் இன்றுவரை எனக்கு மறக்கவில்லை. திக்கின இடம்தான் பசுமரத்தாணியாகப் பதிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு வாசிப்பதை விட்டுவிட்டேன். பாடத்தை இரண்டு முறை படிப்பேன். புத்தகத்தை மூடி வைப்பேன். பத்தாவது படிக்கும் தங்கைக்குச் சொல்வதுபோல் பேசுவேன். மறுநாள் பஸ்ஸில் அதைக் கேட்டு, இரவில் புத்தகத்தோடு ஒப்பிட்டு, விட்டுப்போனதைப் பென்சிலால் குறிப்பேன். அடுத்த பதிவு அந்தப் பென்சில் குறிகளிலிருந்து தொடங்கும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னால் படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், படித்ததைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களே முன்னே இருந்தார்கள். நமக்குத் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

காதுவழிப் படிப்பு தமிழுக்குப் புதிதும் இல்லை. எட்டுத்தொகை நூல்களை ‘நற்றிணை நல்ல குறுந்தொகை’ என்று தொடங்கும் பழைய வெண்பாவில்தான் நாம் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். குரூப் 4இல் 200 கேள்விகளில் 100 தமிழ். அந்தப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே செய்யுள், நூல், ஆசிரியர், அடைமொழி எல்லாவற்றையும் குரலில் வைத்தேன். அதில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு.

இரண்டாம் வருடம் கேள்வி எபிசோடுகள் தொடங்கினேன். கேள்வி, ஐந்து விநாடி மௌனம், பிறகு விடை. கேட்பவர் அந்த ஐந்து விநாடியில் தானே விடை சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் பலர், “இடைவெளியே இல்லையே, உடனே விடை வந்துவிடுகிறதே” என்று எழுதினார்கள். பாட்காஸ்ட் செயலிகள் சிலவற்றில் மௌனத்தைத் தானாகக் குறைக்கும் வசதி இருக்கிறது. அது என் ஐந்து விநாடியை விழுங்கிவிட்டது. அன்றிலிருந்து மௌனத்துக்குப் பதில் எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் ஐந்து தட்டு தட்டினேன். தேர்வறையில் ஒரு கேள்வியைப் படித்ததும் அந்தத் தட்டு காதில் கேட்டது, ஐந்தாவது தட்டுக்குள் விடை வந்தது.

தவறு செய்ததையும் சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 73ஆவது சட்டத்திருத்தம் பற்றிப் பேசும்போது, ஊராட்சிகளுக்கான 29 பொருள்கள் பன்னிரண்டாம் அட்டவணையில் இருப்பதாகச் சொல்லிவிட்டேன். ஊராட்சிக்குப் பதினொன்றாம் அட்டவணை. பன்னிரண்டு நகராட்சிக்கு, அதில் 18 பொருள்கள். தென்காசிப் பக்கத்து அக்கா ஒருவர், “மாதிரித் தேர்வில் நீ சொன்னதை நம்பி எழுதினேன்மா” என்று குரல் அனுப்பினார். கோபம் இல்லாத குரல். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒலிக்கோப்பை மாற்றி ஏற்றலாம், ஆனால் ஏற்கெனவே பதிவிறக்கியவர்களின் போனில் பழைய தவறு அப்படியே இருக்கும். அதனால் அடுத்த மூன்று எபிசோடுகளின் தொடக்கத்திலும் திருத்தத்தைச் சொன்னேன். அதன்பின் எண்ணும் ஆண்டும் வரும் எதையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஏற்றியதில்லை. நினைவிலிருந்து பேசுவது உங்களுக்கு நல்லது. சரிபார்க்காமல் அதை ஊருக்குக் கொடுப்பது அடுத்தவர் மதிப்பெண்ணில் கை வைப்பது.

இன்னொரு தவறு, இதில் எனக்கு மாதக்கணக்கில் நேரம் வீணானது. 2021இல் எழுதிய மாதிரித் தேர்வில் தமிழ் நன்றாக வந்தது, திறனறிவுக் கணக்கு 25இல் 9. காரணம் வெளிப்படை. எதைப் பேச முடிந்ததோ அதையே படித்துக்கொண்டிருந்தேன். தனிவட்டியும் கூட்டுவட்டியும் குரலில் ஏறாது, கையில்தான் ஏறும். பிறகு வாரத்துக்கு மூன்றாக இருந்த எபிசோடை ஒன்றாகக் குறைத்து, மீதி இரண்டு விடியற்காலைகளைக் கணக்குக்குக் கொடுத்தேன். கேட்பவர்கள் குறைந்தார்கள். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். நடப்பு நிகழ்வுகளையும் பாட்காஸ்டில் போடாதீர்கள். ஆறு மாதத்தில் பழசாகிவிடும், யாரோ ஒருவர் பழசென்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

கருவி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். போன் மைக் போதும். சேலை தொங்கும் பீரோவைத் திறந்து அதன் முன்னால் உட்கார்ந்தால் எதிரொலி அடங்கும். ஃபேனை நிறுத்துங்கள். ஒலியை வெட்டி ஒட்டும் ஆடாசிட்டி மென்பொருள் இலவசம். 64 கேபிபிஎஸ் மோனோவில் சேமித்தால் 20 நிமிடம் 10 எம்பிக்குள் முடியும், டேட்டா குறைவாக உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி. மூலக்கோப்புகளை உங்களிடமே வைத்திருங்கள், செயலிகள் பெயர் மாறும், மூடவும் படும். ஊரடங்குக் காலத்தில் அறிமுக இசைக்கும் அட்டைப்படத்துக்கும் நான் கொடுத்த வாரங்களைத் திரும்பப் பெற வழியில்லை.

கடைசி இரண்டு வருடம் நான் கேட்பவர்களிடம் ஒன்றைத்தான் வற்புறுத்தினேன்: என் குரலைக் கேட்டது போதும், மூன்று நிமிடம் நீங்கள் பேசி எனக்கு அனுப்புங்கள். பெரும்பாலோர் கூச்சப்பட்டார்கள். தென்காசி அக்கா மட்டும் தினமும் அனுப்பினார், பின்னால் குழந்தை அழும், குக்கர் விசில் அடிக்கும், அவர் பாட்டுக்கு அடிப்படை உரிமைகளைச் சொல்லிக்கொண்டே போவார். இப்போது அவர் குரூப் 2 முதன்மைத் தேர்வுக்குப் படிக்கிறார். நானும்தான். காலையில் அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸில் அவர் குரலைக் கேட்கிறேன், தப்பு இருந்தால் மதியம் சொல்கிறேன்.