0.17 பொலிவெண்

பிரபஞ்சம் விரியும் வேகத்துக்கு இரண்டு விடைகள் இருக்கின்றன. பிரபஞ்சத்தின் தொடக்கக் காலத்து ஒளியான அண்டப் பின்னணிக் கதிர்வீச்சை அளந்த பிளாங்க் விண்கலத்தின் தரவு, நிலையான அண்டவியல் மாதிரியின்படி, 67.4 தருகிறது. செபீட் விண்மீன்கள் (துடிக்கும் காலத்திலிருந்தே உண்மைப் பொலிவு தெரிபவை), சூப்பர்நோவாக்கள் (வெடிக்கும் விண்மீன்கள்) வழியே, ஏணி ஏறுவதுபோல் தூரத்தைப் படிப்படியாக அளந்த ஷூஸ் குழு 2022இல் 73.04 என்றது. இரண்டுமே மெகாபார்செக்குக்கு (சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) நொடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு. செய்தித் தலைப்பில் இயற்பியலே ஆட்டம் காணும். தரவை அலசும் மேசையிலோ இது எட்டு சதவீதம். விண்மீன் ஒளியை அளக்கும் பொலிவெண்ணில் சுமார் 0.17. அவ்வளவு ஒளி எங்காவது கூடுதலாக எண்ணப்பட்டிருக்கிறதா என்று தேடுவதுதான் அன்றாட வேலை.

ஒவ்வொரு பிழையும் விடையை எந்தப் பக்கம் தள்ளும் என்பதை முதலிலேயே குறித்துக்கொள்வது நல்லது. விண்மீனின் ஒளியோடு பக்கத்து விண்மீன்களின் ஒளியும் அதே பிக்சலில் விழுந்தால் செபீட் பொலிவாகத் தெரியும், தூரம் குறையும், வேகம் ஏறும். அதாவது 73இன் பக்கம். அதனால் முதல் சந்தேகம் இந்த நெரிசல்மேல்தான் விழுந்தது.

அதைத் திருத்தும் வழி எளிது, பொறுமைதான் வேண்டும். பொலிவு தெரிந்த போலி விண்மீன்களைப் படத்தில் நட்டு, அசலுக்குச் செய்த அதே அளவீட்டை அவற்றுக்கும் செய்து, எவ்வளவு பொலிவு மிகுதியாக வருகிறது என்று பார்க்க வேண்டும். கோட்டை விடும் இடம், நடும் இடம். செபீட் காலக்ஸியின் சுருள்கை நெரிசலில் இருக்க, போலியை வெற்றிடத்தில் நட்டால் திருத்தம் குறைந்துபோகும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் கூர்மையான அகச்சிவப்புப் படங்களால் 2024இல் ஷூஸ் குழு இதைச் சோதித்தது. புள்ளிகளின் சிதறல் வெகுவாகக் குறைந்தது, சராசரி நகரவில்லை. நெரிசல்தான் முழுக் காரணம் என்ற வாதம் 8 சிக்மாவில், அதாவது தற்செயலுக்கு ஏறத்தாழ இடமில்லாத உறுதியோடு, விழுந்தது.

ஏணியின் அடிப்படியில் வேறொரு தொல்லை. பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறுவதுபோல் தெரியும் கோணமே இடமாறு கோணம்; அதிலிருந்து தூரம் கிடைக்கும். 3,000 பார்செக் தொலைவுள்ள செபீடுக்கு அது 333 மைக்ரோ ஆர்க்செகண்ட். இக்கோணங்களை அளந்த கையா விண்கலத்தின் தரவில், மிகத் தொலைவில் இருப்பதால் பூஜ்யம் காட்ட வேண்டிய குவேசார்கள் (ஒளிரும் காலக்ஸி மையங்கள்) சுமார் 20 மைக்ரோ ஆர்க்செகண்ட் குறைவாகக் காட்டுகின்றன. திருத்தாவிட்டால் ஆறு சதவீதம் இங்கேயே போய்விடும். குவேசார் தந்த திருத்தத்தை அப்படியே செபீடுக்கும் போட முடியாது. அது பொலிவையும் நிறத்தையும் பொறுத்து மாறும், குவேசார்களோ மங்கலானவை. இந்த ஒரு படியை மட்டும் நம்பாமல், மேசர்களால் (நுண்ணலை உமிழும் வாயு மேகங்கள்) தூரம் கணித்த என்ஜிசி 4258 காலக்ஸியையும், கிரகண இரட்டை விண்மீன்களால் அளந்த, நம் அண்டைக் காலக்ஸியான பெரிய மெகல்லானிக் மேகத்தையும் சேர்த்துக்கொள்வது இதனால்தான்.

பழைய பாடமும் உண்டு. 1929இல் ஹப்பிள் பெற்ற மதிப்பு சுமார் 500. அதன்படி பிரபஞ்சத்துக்கு வயது 200 கோடி ஆண்டுகள். பூமிப் பாறைகளோ அதைவிட மூத்தவை! செபீட்களில் இரண்டு வகை உண்டென்று 1952இல் வானியலாளர் பாடே அறிவித்ததும் தூரங்கள் இரு மடங்காயின. தப்பு கோட்பாட்டில் இல்லை, அளவுகோலில். அதற்காக இம்முறையும் அப்படித்தான் என்று முன்கூட்டியே முடிவுகட்டுவது சோம்பேறித்தனம்.

எண்ணைப் பார்த்தபின் வெட்டுவதும் ஒட்டுவதும் மனித இயல்பு. எனவே சில குழுக்கள் இறுதி மதிப்போடு ரகசிய எண் ஒன்றைக் கூட்டி மறைத்துவிட்டு, அலசல் முடிந்தபிறகே திறக்கின்றன. செம்பெருவிண்மீன்களின் உச்சப் பொலிவை அளவுகோலாக்கும் ஃப்ரீட்மன் குழு இப்படி வேலை செய்து, 70ஐ ஒட்டிய மதிப்பைப் பெற்றிருக்கிறது. அதன் பட்டியலில் காலக்ஸிகள் குறைவு என்பது எதிர்த்தரப்பின் பதில். பட்டியலை நீட்ட அவசரப்பட்டும் பயனில்லை: செபீட் தெரியும் தொலைவுக்குள் பயன்படத்தக்க வகை 1ஏ சூப்பர்நோவா ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றுதான் வெடிக்கிறது.