16 வயது வரை

ஆஸ்திரேலியாவுக்கு நாங்கள் குடிவந்த 2024 தொடக்கத்தில் மகளுக்கு 12 வயது. வகுப்பில் எல்லாரும் ஒரு சமூக ஊடகச் செயலியில்தான் பேசிக்கொள்கிறார்கள், அதில் இல்லாதவளை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை என்று அவள் சொன்னபோது, புது நாட்டில் பிள்ளை தனித்துப் போய்விடக் கூடாதே என்ற பதைப்பில் நானே கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். 13 வயது நிறைந்தால்தான் அனுமதி என்பதால், பிறந்த ஆண்டை நான்கு வருடம் முன்னால் தள்ளிக் குறித்ததும் நான்தான்.

சில மாதங்கள் கழித்து ஒரு நள்ளிரவில் அவள் போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தது. வகுப்பில் அவள் ஆங்கிலப் பாடம் வாசித்ததை யாரோ ஒளிந்திருந்து படமெடுத்து, உச்சரிப்பைக் கேலி செய்து வெளியிட்டிருந்தார்கள். அவள் அழவில்லை, கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, கீழே வந்திருந்த ஏச்சுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த விரல் நிற்காமல் அசைந்துகொண்டிருந்ததை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

நிறுவனத்துக்கு அனுப்பிய புகாருக்கு ஓர் இயந்திரப் பதில் வந்தது, அவ்வளவுதான். சிறுவர்மீதான இணையவழித் துன்புறுத்தலை 48 மணி நேரத்துக்குள் நிறுவனம் நீக்காவிட்டால், இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அதிகாரியான இ-சேஃப்டி ஆணையரிடம் முறையிடலாம் என்பதையும், ஆணையர் அறிவிப்பு கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அது நீக்கப்பட வேண்டும் என்று 2021ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதையும் உடன் வேலை செய்பவர் சொல்லித்தான் அறிந்தேன். முறையிட்டோம், காணொளி நீங்கியது. புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

2024 நவம்பரில், 16 வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது. தக்க நடவடிக்கை எடுக்கத் தவறும் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பொறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வைக்கப்பட்டிருப்பதாகவே நான் கருதுகிறேன். அதுவரை நான் வேண்டாம் என்று சொன்னபோதெல்லாம், 'அப்பா, உங்களுக்கு இந்த நாட்டைப் பற்றி என்ன தெரியும்?' என்பதே பதிலாக இருந்தது. நாடே வேண்டாம் என்றபின் அந்தக் கேள்வி எழவில்லை. வாட்ஸ்அப் தடைக்குள் வராததால் பாட்டியுடன் அவள் பேசுவதும் நின்றுவிடவில்லை.

ஆனால் கணக்கு இல்லாமலும் பல காணொளிகளைப் பார்க்க முடிகிறது. 16 நிறைந்த மறுநாளே, முடிவின்றி ஓடும் அதே காட்சிகளும் கவனத்தைக் கட்டிப்போடும் அதே பரிந்துரைகளும் பிள்ளைமுன் வந்து நிற்கும். அவற்றின் வடிவமைப்பையும் சட்டம் கட்டுப்படுத்த வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் மகளின் கணக்கு முடக்கப்படவில்லை. நான் குறித்த பொய்யான ஆண்டின்படி அவளுக்கு 18 வயது. நடந்ததை அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் தன் படங்களைச் சேமித்துக்கொள்ள ஒரு மணி நேரம் கேட்டாள். பிறகு இருவரும் பக்கத்தில் அமர்ந்து அந்தக் கணக்கை அழித்தோம்.