45 டாலர் கொடுத்துப் பார்த்த மேடு

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், யூடிகா ரயில் நிலையத்திலிருந்து மொஹாக் ஆற்றைத் தாண்டினால் டீர்ஃபீல்டு. கால் மணி நேரம்கூட ஆகாத அந்தத் தூரத்துக்கு டாக்சிக்காரர் 45 டாலர் வாங்கிவிட்டார். ஏறும்போது சொன்னது 20. இறங்கும்போது, திரும்பச் சவாரி கிடைக்காது என்று காரணம் சொல்கிறார். எனக்கு அது இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு, இன்னும் வயிறு எரிகிறது. போகிறவர்கள் வாடகையைப் போகவரப் பேசி முடித்துவிட்டு ஏறுங்கள்.

டீர்ஃபீல்டு மேட்டில் பார்க்க என்று எதுவும் இல்லை. அறுத்த மக்காச்சோளத்தின் அடிக்கட்டைகள், வரப்போரம் பொறுக்கிக் குவித்த கற்கள், காதை அறுக்கும் காற்று. ஆனால் ஐரிஷ் மொழிக் கவிஞர் பாட்ரிக் ஃபியாரிஷ் கூண்டூன் உழுத ஊர் இது! அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில், பாலிமகோடாவில் 1777இல் பிறந்தவர். ஐம்பதை நெருங்கும் வயதில், 1826 வாக்கில், கப்பலேறி இங்கே வந்தார். சுற்றிலும் ஐரிஷ் பேசுகிறவர்கள் நிறைய இருந்ததால் சாகும்வரை ஆங்கிலம் கற்கவே இல்லை. பாட்டும் கடிதமும் ஐரிஷ் மொழியிலேயே ஊருக்குப் போயின.

1834இல் எழுதிய கடிதத்தில், நிலம் சொந்தம், குத்தகை கேட்க ஆளில்லை, ரொட்டி, இறைச்சி, வெண்ணெய், பால் எல்லாம் வருடம் முழுவதும் வயிறாரக் கிடைக்கிறது என்கிறார். நிலமில்லாமல் அங்கே கிடப்பதைவிட இதுவே மேல் என்றும் எழுதுகிறார். அப்படி எழுதிய அதே கைதான் ஊரை நினைத்து ஏங்கிப் பாடியது. வயிறு நிறைந்த பிறகும் தீராத ஏக்கம் அது. அதனால்தான் அவரை எனக்கு இவ்வளவு பிடிக்கிறது. பாலிமகோடா கடலோர ஊர். இந்த மேட்டிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் இல்லை. நான் வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

யூடிகாவுக்குத் திரும்பியதும் 'தக்காளி பை' (tomato pie) என்ற பண்டம் சாப்பிட்டேன். கனத்த ரொட்டி, மேலே ஆறிப்போன தக்காளிச் சாறு, துருவிய சீஸ், அவ்வளவுதான். சூடாக்கித் தரச் சொல்லாதீர்கள், ஆறினால்தான் ருசி. புளிப்பும் இனிப்புமாக நாக்கிலேயே நிற்கிறது. சில டாலரில் வயிறும் நிறைந்தது. இந்தப் பயணத்தில் கணக்குப் பார்க்காமல் கொடுத்த காசு இது ஒன்றுதான்.

முதலில் போயிருக்க வேண்டிய புனித ஆக்னஸ் கல்லறைத் தோட்டத்துக்குக் கடைசியில்தான் போனேன். 1857இல் இறந்த கூண்டூன் அங்கேதான் உறங்குகிறார். பாசி படிந்த கற்களை நகத்தால் சுரண்டிச் சுரண்டி ஒன்றரை மணி நேரம் படித்தேன். ஐரிஷ் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன, அவர் பெயர் மட்டும் அகப்படவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. டாக்சி பிடிக்காமல் நிலையத்துக்கு நடந்தேன்.