சம்பளத் தேதி இல்லாத வீட்டுக் கணக்கு

ஃப்ரீலான்ஸ் வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்லப்படும் பண யோசனைகளில் பெரும்பாலானவை மாதச் சம்பளக்காரர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சம்பளம் வந்ததும் இத்தனை சதவீதம் சேமிப்பு, ஒன்றாம் தேதியே எடுத்து வை என்றுதான் ஆரம்பிப்பார்கள். நமக்கு ஒன்றாம் தேதி என்று ஒன்று கிடையாது. தையில் ஒரே வாரத்தில் நாற்பதாயிரம் வரும், ஆடியில் போன் ரீசார்ஜுக்கே யோசிக்க வேண்டியிருக்கும். இந்த மாதிரி வருமானத்தை வைத்துக்கொண்டு கொரோனா காலத்தை எப்படித் தாண்டினீர்கள் அக்கா என்று புதிதாக வேலைக்கு வந்த இரண்டு பெண்கள் கேட்டார்கள். போனில் அவசரமாகச் சொன்னதைத்தான் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

நான் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் வீடு. தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் ஸ்டுடியோக்காரர்கள் போட்டோக்களை ஹார்ட் டிஸ்கில் போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்புவார்கள், ஷீட்டுக்கு இவ்வளவு என்று கூலி. அது போகச் சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனிக்கு பிரோஷர், போஸ்டர் வேலை. வீட்டுக்காரர் தனியார் பள்ளியில் வேன் ஓட்டினார். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், அவர் பேரில் ஐந்து மா நிலம், ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. இவ்வளவுதான் எங்கள் வரவு.

2020 மார்ச் 24 சாயங்காலம் தமிழ்நாட்டில் 144 போட்டார்கள், மறுநாளிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. அதற்கு முந்தைய வாரமே பள்ளிகளை மூடிவிட்டதால் வேன் நின்றுபோனது. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களை நம்பித்தான் எங்கள் தொழிலே. மண்டபம் இல்லாமல், வீட்டு வாசலில் நெருங்கிய சொந்தக்காரர்கள் மட்டும் நின்று தாலி கட்டினார்கள், போட்டோ செல்போனில் எடுத்ததோடு சரி. ஆல்பம் போட யாரும் வரவில்லை.

அந்த வாரத்தில் அத்தை கேட்ட ஒரு கேள்விதான் எங்களைக் காப்பாற்றியது என்று இன்றும் நம்புகிறேன். கையில் எவ்வளவு இருக்கிறது என்று நானும் வீட்டுக்காரரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அத்தை கேட்டது, "அடுத்த அறுப்பு எப்போன்னு சொல்லும்மா மொதல்ல."

அவர் காலம் முழுக்க அப்படித்தான் குடும்பம் நடத்தியிருக்கிறார். எங்கள் வீட்டில் பழைய மரப் பத்தாயம் ஒன்று இருக்கிறது. பலகையைக் கையால் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே நெல் எந்த மட்டத்தில் நிற்கிறது, எத்தனை மாதம் வரும் என்று சொல்லிவிடுவார். சம்பா அறுத்து முடிந்ததும் சாப்பாட்டுக்கு என்று ஒரு பங்கு பத்தாயத்துக்குப் போகும், விதைக்கு என்று ஒரு பங்கு தனிச் சாக்கில் போகும், மிச்சம்தான் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு. கொள்முதல் பணம் கணக்கில் ஏறிய பிறகு பழைய பாக்கி அடைபடும். சாப்பாட்டு நெல்லை விற்றுக் கடன் அடைக்க மாட்டார், விதைநெல்லைச் சமைக்கவும் விடமாட்டார். நான் டிசைன் வேலையில் வரும் பணத்தையும் அந்த மாதிரிதான் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன்.

அடுத்த அறுப்பு எப்போது என்றால், என் வேலையில் அது அடுத்த தை. ஊரடங்கு 21 நாள் என்றுதான் அறிவித்தார்கள், பலரும் மே மாதம் சரியாகிவிடும் என்று சொன்னார்கள். நாங்கள் 2021 தை வரை ஒரு ரூபாய் வராது என்று வைத்துக்கொண்டோம். கையில் இருந்ததைப் பத்து மாதத்துக்கு வகுத்தோம். வந்த தொகை ரொம்பச் சின்னது, பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது, ஆனால் அந்த எண் கைக்கு வந்த பிறகுதான் எதை நிறுத்துவது என்று தெளிவாகத் தெரிந்தது. கேபிள் நின்றது, வண்டிக்குப் பெட்ரோல் நின்றது, நான் போட்டுக்கொண்டிருந்த சீட்டை அக்காவிடம் பேசி அவர் பெயருக்கு மாற்றிவிட்டேன். அரிசி பத்தாயத்தில் இருந்தது. ஏப்ரலில் ரேஷன் கார்டுக்கு அரசு கொடுத்த ஆயிரம் ரூபாயும் இலவசப் பருப்பும் எண்ணெயும் எங்களுக்குப் பெரிய உதவி. நெட் இணைப்பை மட்டும் தொடவில்லை, யுபிஎஸ் பேட்டரி மாற்றவும் புது ஹார்ட் டிஸ்க் வாங்கவும் ஒரு தொகை தனியாகவே கிடந்தது. அது விதைநெல். செப்டம்பரில் பேட்டரி உட்கார்ந்துவிட்டபோது யாரிடமும் கேட்காமல் மாற்ற முடிந்தது அதனால்தான்.

கடன் விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி மூன்று மாதத் தவணையைத் தள்ளி வைக்கலாம் என்றது, பிறகு அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. எங்கள் தெருவில் பாதிப் பேர் தள்ளுபடி என்றே நினைத்துக்கொண்டார்கள். தள்ளுபடி இல்லை, தள்ளிவைப்பு மட்டும்தான், வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 14 சதவீத வட்டியில் 60,000 ரூபாய் பாக்கி இருந்தால் மாதம் 700 ரூபாய் வட்டி, மூன்று மாதம் கட்டாவிட்டால் அசலோடு 2,100 ரூபாய்க்கு மேல் சேர்ந்துவிடும், அதற்கும் பிறகு வட்டி போடுவார்கள். இந்த வட்டிக்கு வட்டியைத்தான் பின்னால் இரண்டு கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு மத்திய அரசு திருப்பிக் கொடுத்தது, 2020 நவம்பரில் கணக்கில் ஏறியது. அது சின்னத் தொகை. எங்களுக்கு வண்டிக் கடன் கொஞ்சம்தான் பாக்கி, அதனால் அதைத் தள்ளாமல் கட்டி முடித்தோம். அத்தையின் மகளிர் குழுக் கடனைத் தள்ளி வைத்தோம். அதில்தான் பிரச்சினை வந்தது. தள்ளிவைப்பு நடப்பில் இருக்கும்போதே வசூலுக்கு ஆள் வந்து வாசலில் உட்கார்ந்தார். குழுவில் இருந்த பெண்கள் எல்லோரும் சேர்ந்து நின்று, "தள்ளி வைக்க முடியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க தம்பி, கட்டிடறோம்" என்றார்கள். அவர் எழுதிக் கொடுக்கவில்லை, எழுந்து போய்விட்டார். தனியாக ஒருத்தி நின்றிருந்தால் கடன் வாங்கியாவது கட்டியிருப்பாள். இந்த மாதிரி நேரத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்த ஒருவர் தெருவில் இருப்பது அவசியம்.

நகை அடகு வைப்பதைப் பற்றியும் போனில் அந்த இரண்டு பெண்கள் கேட்டார்கள். வைத்தோம். பயந்து ஒளிக்க வேண்டிய காரியம் இல்லை அது, எங்கள் பக்கம் நாற்று நட நகை உள்ளே போகும், அறுத்ததும் வெளியே வரும். ஆனால் எங்கே வைக்கிறோம், எவ்வளவு வாங்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும். கடைத்தெருவில் ரெண்டு வட்டி என்பார்கள், கேட்கக் குறைவாகத் தெரியும், அது மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு, வருஷத்துக்கு 24 சதவீதம். வங்கி, கூட்டுறவுச் சங்கம் எல்லாம் அதில் பாதிக்கும் கீழே. 2020 ஆகஸ்டில் தங்கம் சவரன் 40,000 ரூபாயைத் தாண்டி நின்றபோது, நகை மதிப்பில் 75 சதவீதம் வரை கொடுத்துக்கொண்டிருந்த வங்கிகள் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. கூடக் கிடைக்கிறதே என்று முழுசாக வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அடுத்த மார்ச்சுக்குள் விலை நன்றாக இறங்கியது, கடனும் வட்டியும் சேர்ந்து நகையின் மதிப்பையே தொட்டது. நாங்கள் பாதி மதிப்புக்குத்தான் வாங்கினோம், அது அத்தையின் வழக்கம்.

சரி, முக்கியமான விஷயம். ஃப்ரீலான்ஸ் ஆட்களுக்கு வருமானம் நின்றுபோவதைவிட, ஏற்கெனவே செய்த வேலைக்கு வராத பணம்தான் பெரிய பள்ளம். தை, மாசி முகூர்த்த ஆல்பங்கள் எல்லாம் மார்ச்சில்தான் முடித்துக் கொடுத்திருந்தேன். கும்பகோணத்து ஸ்டுடியோ அண்ணன் ஒருவரிடமிருந்து மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல் வர வேண்டும். கேட்டால், "எங்கம்மா போவேன், ஆல்பம் எல்லாம் கடையிலேயே கிடக்கு, யாரும் எடுத்துட்டுப் போகல" என்றார். அது உண்மை. கல்யாண வீட்டார் முதலில் அட்வான்ஸ் கொடுப்பார்கள், பேலன்ஸ் ஆல்பத்தைக் கையில் வாங்கும்போதுதான். அவர்களுக்கும் வருமானம் இல்லை, பஸ்ஸும் இல்லை. அவர்கள் கொடுக்காமல் ஸ்டுடியோக்காரர் ஆல்பம் பிரிண்ட் போடும் லேபுக்கும் கொடுக்க முடியாது, எனக்கும் கொடுக்க முடியாது. சண்டை போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தது.

அதனால் வேறு மாதிரி யோசித்தோம். ஒவ்வொரு ஆல்பத்தின் பக்கங்களையும் செல்போனில் பார்க்கிற அளவுக்குச் சின்னதாக்கி, அண்ணனின் கடைப் பெயரைக் குறுக்கே போட்டு, நானே அந்தந்த வீட்டாருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். கூடவே பாட்டுடன் ஒரு சின்ன வீடியோ. வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் தங்கள் கல்யாணத்தைப் பார்த்ததும் அவர்களாகவே கூப்பிட்டார்கள். பேலன்ஸில் பாதியைக் கூகுள் பேயில் போடுங்கள், நல்ல தரத்தில் எல்லாப் பக்கமும் அனுப்புகிறோம், ஆல்பத்தைப் பஸ் ஓடும்போது வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அண்ணன் சொன்னார். எல்லோரும் போடவில்லை, ஆனால் கணிசமான பேர் போட்டார்கள். வந்ததில் எனக்கும் பங்கு, ஐநூறு, ஆயிரம் என்று பிய்த்துப் பிய்த்து வந்தது. அந்த ஐநூறு ரூபாய் சத்தம் போனில் வரும்போது என்ன நிம்மதி என்று அந்த மாதங்களில் வேலை இல்லாமல் இருந்தவர்களுக்குத் தெரியும்.

பணம் கொடுக்க முடியாதவரும் கொடுக்க மனசில்லாதவரும் ஒன்றில்லை. சென்னைக் கம்பெனி இரண்டாவது ரகம். ஊரடங்கிலும் அவர்களுக்கு வேலை இருந்தது, கைகழுவும் போஸ்டர் எல்லாம் நான்தான் செய்துகொடுத்தேன், ஆனால் பில் அனுப்பினால் அக்கவுண்ட்ஸ் ஆள் வரவில்லை என்பதே பதில். 2020 ஜூலை 1 முதல் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவு வந்தது. ஆதாரை வைத்து இணையத்திலேயே செய்துகொள்ளலாம், காசு கிடையாது, சேவைத் தொழில் செய்யும் தனி ஆளும் குறுந்தொழிலாகப் பதியலாம். பதிந்த தொழிலுக்குப் பணம் தர வேண்டியவர்கள், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. பதிவு எண்ணையும் இந்த விதியையும் இரண்டு வரியில் பில்லின் அடியில் போட்டு அனுப்ப ஆரம்பித்தேன். இதற்கென்றே அரசு வைத்திருந்த சமாதான் இணையதளத்தில் புகார் கொடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை, அதன் பிறகு செய்த வேலைகளுக்கு ஒழுங்காகப் பணம் வந்தது. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. குறு, சிறு தொழிலுக்குக் காலத்தில் தராத தொகையை, அதைக் கொடுக்கிற வரை அந்தக் கம்பெனி செலவாகக் காட்ட முடியாது.

அந்தக் கம்பெனி பிடித்த டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி பற்றியும் சொல்ல வேண்டும். நம் பில்லில் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள், கொரோனாவுக்காக 2020 மே 14 முதல் 2021 மார்ச் வரை அது ஏழரை சதவீதமாக இருந்தது. நம் வருமானம் வரி வரம்புக்குள் வராவிட்டால் அது முழுக்க நம் பணம், ஆனால் வருமான வரி ரிட்டர்ன் போட்டால்தான் திரும்பி வரும். 2020 ஏப்ரலில் 5 லட்சம் ரூபாய் வரை நிலுவையில் இருந்த ரீஃபண்டுகளை உடனே விடுவிக்கச் சொன்னார்கள், எனக்கு முந்தைய வருஷத்தது அப்போது வந்தது. அந்த மாதம் வேறு வரவே இல்லை. வரி கட்டும் அளவுக்கு நமக்கு எங்கே வருமானம் என்று ரிட்டர்ன் போடாமல் விடும் டிசைனர்கள் நிறையப் பேர், தயவுசெய்து போடுங்கள்.

வயல் எங்களைக் கைவிடவில்லை என்பதையும் எழுத வேண்டும். 2020 ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்தார்கள், எட்டு வருஷத்துக்குப் பிறகு உரிய தேதியில். தண்ணீர் வந்து, குறுவை போட்டு, வேன் ஓட்டிய கை வரப்பு வெட்டியது. ஆனால் நிலம் இருந்தால் பயமில்லை என்று சொல்ல மாட்டேன். அந்த வருஷமே நிவர், புரெவி என்று இரண்டு புயல், 2021 ஜனவரியில் பருவம் தப்பிய மழை, அறுக்க வேண்டிய சம்பா தண்ணீரில் சாய்ந்து முளைத்தது. எங்களுக்கும் பாதிதான் தேறியது. அதே தையில் முகூர்த்தங்கள் திரும்பி வந்ததால் ஆல்பம் வேலை அதை ஈடுகட்டியது. இரண்டும் வேறு வேறு காரணங்களால் கெடும் வருமானங்கள் என்பது எங்கள் அதிர்ஷ்டம். நிலம் இல்லாத டிசைனர் என்றால், கல்யாணத்தைச் சாராத ஒரு வேலையாவது கையில் இருக்க வேண்டும் என்று சொல்வேன், பள்ளிப் புத்தகம், கடைப் பெயர்ப்பலகை, எதுவானாலும்.

2021 மே 10 முதல் மறுபடி முழு ஊரடங்கு. வைகாசி மறுபடி போனது, இந்த முறை ஊரில் சாவும் அதிகம், பணத்தைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்த நாட்கள். ஆனால் தையில் வந்ததை வந்த அன்றே பங்கு பிரித்து வைத்திருந்தோம். சாப்பாட்டுப் பங்கு தனிக் கணக்கில், ஏடிஎம் கார்டு இல்லாமல். அந்தப் பங்கும், ரேஷன் கார்டுக்கு இரண்டு தவணையாக வந்த நாலாயிரமும், ஜூனில் வந்த 14 மளிகைப் பொருளும் கடன் வாங்காமல் ஆவணி வரை கொண்டு வந்து சேர்த்தன. நவம்பர் 1-இல் சின்ன வகுப்புகளும் திறந்த பிறகுதான் வீட்டுக்காரர் வேன் சாவியைக் கையில் எடுத்தார்.

இப்போதும் தையில் பணம் வந்தால் அத்தை கேட்பது அதே கேள்விதான், ஆடி வரைக்கும் இருக்கா என்று. நான் சேர்த்துக்கொண்டது ஒன்றே ஒன்று. புது ஸ்டுடியோ எதுவானாலும் பாதிக் கூலி கணக்கில் ஏறிய பிறகே முதல் ஷீட்டைத் திறப்பேன், மீதி வரும் வரை கடை பெயர் குறுக்கே போட்ட பக்கங்கள்தான் போகும். கும்பகோணத்து அண்ணனுக்கு மட்டும் அந்த விதி கிடையாது.