மாப்பிள்ளைக்கு அறுபது வயது

கல்யாண போட்டோகிராபரான எனக்கு வரும் வேலைகளில் பாதிக்கு மேல் மாப்பிள்ளைக்கு அறுபது வயது ஆகியிருக்கும். நாள் பார்ப்பது, மண்டபம் பிடிப்பது, எனக்கு அட்வான்ஸ் போடுவது எல்லாம் பிள்ளைகள். அவர்களும் சிங்கப்பூரிலோ துபாயிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். கடலோர ரிசார்ட்டில் நடக்கிற கல்யாணம் எடுக்க ஆசைப்பட்டுத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். கும்பகோணத்தில் வீட்டை வைத்துக்கொண்டு திருக்கடையூரை விட்டுவிட்டு எங்கே போவது? உள்ளூர்க்காரர்களைவிட வெளியூர்க்காரர்கள் அதிகமாக வந்து கல்யாணம் செய்துகொள்கிற ஊர் டெல்டாவில் அதுதான். மார்க்கண்டேயனுக்காக எமனையே உதைத்த சாமி இருக்கிற இடம் என்பதால் ஆயுளுக்கான சாந்தி எல்லாம் அங்கே. அறுபது முடிந்தால் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம்.

இந்த வேலையில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. ஆடி, மார்கழி என்று மற்ற போட்டோகிராபர்கள் கேமராவைத் துடைத்து வைத்துவிடுகிற மாதங்களிலும் எனக்கு வேலை இருக்கும். சஷ்டியப்தபூர்த்திக்கு முகூர்த்த மாதம் கணக்கில்லை. பிறந்த தமிழ் ஆண்டு, மாதம், நட்சத்திரம் மூன்றும் திரும்பி வரும் நாள்தான் கணக்கு. தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வரும்; 1965 சித்திரையில் பிறந்த விசுவாவசு ஆண்டு 2025 சித்திரையில் மறுபடி வந்தது. அந்த ஆண்டுக்காரர்கள் எல்லாம் வரிசையாகக் கிளம்பி வந்தார்கள்.

அதனால் போன் வந்ததும் நான் முதலில் கேட்பது பட்ஜெட்டை அல்ல, அப்பாவின் நட்சத்திரத்தை. "அண்ணா, சனிக்கிழமையா வெச்சுக்கலாமா? எங்களுக்கு லீவு கிடைக்காது" என்பார்கள். நட்சத்திரம் செவ்வாய்க்கிழமை வந்தால் செவ்வாய்க்கிழமைதான். அதைச் சாஸ்திரிகளிடம் பேசி முடிவு செய்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் டைரியில் தேதியைக் குறிப்பேன். அதற்கு முன்னால் அட்வான்ஸ் வாங்கினால் தேதி மாறும்போது இருபக்கமும் மனக்கசப்பு.

அடுத்தது அனுமதி. திருக்கடையூர் கோயில் தருமபுரம் ஆதீனத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. தேவஸ்தான அலுவலகத்தில் முன்கூட்டியே போய் எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது என்று நேரில் கேட்டுவிடுவேன். போனில் கேட்ட பதில் வாசலில் நிற்கிறவர் வரை போய்ச் சேராது. கருவறைப் பக்கம் கேமராவைத் தூக்குவதே இல்லை. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை போடச் சொன்ன பிறகு, கையில் எதைப் பார்த்தாலும் இரண்டு பேர் வந்து விசாரிக்கிறார்கள். விசாரிக்கட்டும். ரசீதைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பேன்.

ட்ரோன் கதை தனி. ஒருமுறை நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் ஒருவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே "கோபுரத்துக்கு மேலே ட்ரோன் ஷாட் உண்டு" என்று குடும்பத்திடம் சொல்லி, அதற்குத் தனியாகக் காசும் வாங்கியிருந்தார். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைச் சம்பளத்துக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' ட்ரோன் வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலம் என்றும் பார்க்க வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் போனால் சுகோய் போர் விமானங்கள் நிற்கிற விமானப்படைத் தளமே இருக்கிறது, அங்கே விளையாட முடியாது. இதெல்லாம் சரியாக இருந்தாலும் கோயிலுக்கு மேலே பறக்கக் கோயில் சம்மதிக்க வேண்டுமே! பெரியவரிடம் நானே விஷயத்தைச் சொன்னேன். "எனக்குக் கோபுரம் கீழேருந்து தெரிஞ்சாப் போதும் தம்பி" என்றார். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் தம்பதியை எடுக்கச் சொல்பவர்களும் உண்டு. அது தொல்லியல் துறை இடம், அங்கே கையில் பிடித்து எடுக்கிற கேமராவை யாரும் எதுவும் சொல்வதில்லை. ஸ்டாண்டு, லைட்டு என்று இறக்கினால் முன் அனுமதி வேண்டும்.

முதல் நாள் மாலையே திருக்கடையூர் போய்விடுவேன். சுவாமி மேற்குப் பார்த்து இருக்கிறார், ராஜகோபுரமும் மேற்கே. காலையில் கோபுர வாசலில் தம்பதியை நிறுத்தினால் வெயில் கோபுரத்துக்குப் பின்னாலிருந்து வரும், முகம் இருட்டாகிவிடும். சாயங்கால வெயில் நேராகக் கோபுரத்தின் முகத்தில் விழும். அதனால் கோபுரத்தோடு எடுக்கும் குடும்பப் படம் முதல் நாள் மாலைதான். சிங்கப்பூரிலிருந்து திருச்சியில் இறங்கி மூன்று மணி நேரத்துக்கும் மேல் வேனில் வந்தவர்களைப் பட்டுப்புடவை கட்டி வரச் சொல்வது கொஞ்சம் கொடுமைதான். முணுமுணுத்துக்கொண்டே வருவார்கள். அப்படியே சாஸ்திரிகளையும் பார்த்து எதற்குப் பின் எது என்று கேட்டுக்கொள்வேன், ஆளுக்கு ஆள் வரிசை மாறும்.

காலையில் கோபூஜை, கஜபூஜை முடிந்து தம்பதி மேளத்தோடு உள்ளே வருவார்கள். பிராகாரத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஹோமம் நடக்கும். நம் குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவே ஒரு ஆள் உட்காருகிற இடம்கூட இருக்காது. அகல லென்ஸ் போட்டால் யாரோ ஒரு மாமாவின் முதுகு நிச்சயம் விழும். 85 எம்எம் லென்ஸில் தம்பதியை மட்டும் பிரித்து எடுப்பேன். நெய்யும் சமித்தும் சேர்ந்து புகை எழும்பும்போது ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். அந்த நேரம் நெற்றிக் குங்குமத்தில் ஃபோகஸை வைத்துக் கையால் பூட்டிவிட வேண்டும். மேலே எல்ஈடி பல்பு இருந்தால் ஷட்டர் வேகம் நொடியில் நூறில் ஒரு பங்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதில் வரிக்கோடு விழாது. ஃப்ளாஷ் போட்டால் புகை வெள்ளைச் சுவராக நின்றுவிடும். வேண்டாம்.

பிறகு கலசாபிஷேகம். இதற்காகத்தான் எல்லோரும் வந்திருக்கிறார்கள். தம்பதியை உட்கார வைத்துத் தலைக்கு மேலே சல்லடையைப் பிடித்துக்கொண்டு, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், தங்கைகள் என்று ஒவ்வொருவராகக் கலச நீரை ஊற்றுவார்கள். முதல் குடம் விழும்போது பெரியவர்கள் உடம்பைச் சுருக்கிக்கொள்வார்கள். அம்மா வழக்கமாகச் சிரிப்பார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்துப் பிடிப்பார். நான் ஊற்றுகிறவர்களின் எதிரே, தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பேன். ஊற்றும் கையும் நனையும் முகமும் ஒரே படத்தில் வர வேறு இடமில்லை. கேமராவுக்குப் பிளாஸ்டிக் உறை, எனக்கு ஒரு மாற்றுச் சட்டை. பேரன் உயரம் எட்டாமல் யாராவது தூக்கிப் பிடித்து ஊற்ற வைத்தால் அந்தப் படம்தான் ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு வரும், நான் வேறு எதைப் போட்டாலும் பிள்ளைகள் மாற்றச் சொல்வார்கள்.

ஈரம் மாற்றிப் புதுத்துணியோடு வந்ததும் மாங்கல்யம். கெட்டிமேளம் கேட்டதும் ஷட்டரை அழுத்துவது மண்டபத்துப் பழக்கம். இங்கே அது உதவாது, கெட்டிமேளம் பக்கத்துக் குடும்பத்துக்காகவும் இருக்கலாம். மேளத்தை மறந்துவிட்டு நம் சாஸ்திரிகளின் வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சாப்பாடு முடிந்ததும் சிலர் தரங்கம்பாடிக் கடற்கரை கேட்பார்கள். உச்சி வெயிலில் டேனிஷ் கோட்டை முன்னால் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நிற்பார்கள். போய் வந்த திருப்திதான். எனக்குப் பிடித்தது அப்பா பிறந்த கிராமத்துக்குப் போவது. திருவாரூர்ப் பக்கமோ மன்னார்குடிப் பக்கமோ ஒரு வீடு இருக்கும், எப்போதோ விற்றிருப்பார்கள். சொல்லாமல் போய் நின்றால் நன்றாக இராது என்று முன்பே அந்த வீட்டுக்காரருக்குச் சொல்லி அனுப்பிவிடுவேன். ஒரு வீட்டில் அந்த அம்மா திண்ணையைக் கழுவிக் கோலமும் போட்டு வைத்திருந்தார். "உங்க வீடுதானே, உள்ள வாங்க" என்றார். பெரியவர் கூடத்துக்குக்கூடப் போகவில்லை, நேராகக் கொல்லைப்புறம் போய் "இங்க ஒரு நாரத்தை மரம் இருந்துச்சே" என்று தேடினார்.

அங்கேயே எல்லோரையும் நிறுத்தி ஒரு குழுப் படம் எடுத்து, ஒரு அத்தையைப் பிடித்து வைத்துக்கொண்டு இடமிருந்து வலமாகப் பெயரும் உறவும் எழுதி வாங்கிவிடுவேன். வெளிநாட்டில் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்குப் பாதிப் பேரைத் தெரியாது, ஆல்பத்தில் அந்தப் பெயர்கள் அச்சில் இருக்கும்.

அன்றிரவே முப்பது நாற்பது படங்களை லிங்க்கில் அனுப்பிவிட வேண்டும். வாட்ஸப் குழுவில் அவை போகாவிட்டால் விடிவதற்குள் பத்து போன் வரும். ஆல்பம் கனமான தாளில் வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன், விமானத்தில் எடைக்குக் காசு கட்டிவிட்டு என்னைத்தான் திட்டுவார்கள். மீதிப் பணத்தை மட்டும் திருச்சிக்கு வேன் கிளம்பும் முன்பே வாங்கிவிட வேண்டும். விமானம் ஏறிவிட்டால் எல்லோருக்கும் வேலை வந்துவிடும். கேட்கக் கூச்சமாக இருந்தால் வீட்டின் மருமகளிடம் கேளுங்கள், கணக்கு பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கும்.